லோடு பாடிக்கு அலுமினியம் மிக் வெல்டிங்: 4043 வயரா, 5356 வயரா?

கரூர்_பட்டறை:

வணக்கம் அண்ணன்மார்களே. கரூர் பக்கம் சின்னதாக ஒரு பாடி பட்டறை வைத்திருக்கிறோம். இதுவரை எல்லாமே இரும்புதான், சி.ஓ.2 வெல்டிங்தான், அதில் எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது. இப்போது மினி லாரி ஒன்றுக்கு அலுமினியத்தில் லோடு பாடி கட்டித் தரச் சொல்லி ஒரு பார்ட்டி வந்திருக்கிறார். பாடி எடை குறைந்தால் அந்த அளவுக்குச் சரக்கு கூட ஏற்றலாம் என்பது அவர் கணக்கு. ஃபிரேமுக்கும் தூணுக்கும் எக்ஸ்ட்ரூஷன் (அச்சு வழியே தள்ளி எடுத்த) செக்‌ஷன், 3 முதல் 5 மி.மீ. கனம். பக்கவாட்டுக்கு 2.5 மி.மீ. ஷீட், தரைக்கு 3 மி.மீ. செக்கர்டு பிளேட்.

மெஷின் 250 ஆம்ஸ் இன்வெர்ட்டர் மிக் (வயர் தானாக ஓடி உருகி ஒட்டுகிற வகை), பல்ஸ் (கரன்ட்டைத் துடிப்பாக ஏற்றி இறக்குகிற வசதி) கிடையாது, டார்ச் 3 மீட்டர். வயர் வாங்கப் போன கடையில் 4043, 1.2 மி.மீ., 7 கிலோ ரோல் ஒன்றை எடுத்து வைத்து "அலுமினியம்னா இதுதான், எல்லாத்துக்கும் ஓடும்" என்றார்கள். அடுத்த கடையில் கேட்டால் "பாடி வேலைக்கு 5356 தான், அதுதான் ஸ்ட்ராங், 4043 எல்லாம் பாத்திரம் ஒட்டத்தான்" என்கிறார்கள். இரண்டு பேருமே அடித்துச் சொல்கிறார்கள், யாரை நம்புவது?

இப்போதைக்கு அந்த 4043 ரோலை மாட்டித் துண்டுத் தகடுகளில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வயரைத் தள்ளுகிற ரோலருக்கும், அது டார்ச்சுக்குப் போகிற குழாயான லைனருக்கும் நடுவில் வயர் சேமியா மாதிரி சுருண்டு நின்றுவிடுகிறது. ஓடுகிற கொஞ்ச நேரத்திலும் பீட் (உருகி உறைந்த ஒட்டு வரிசை) கன்னங்கரேலென்று புகை பிடித்தது போல வருகிறது. கேஸ் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஆர்கான், சி.ஓ.2 மிக்ஸ்தான். வயர் எது, எந்த சைஸ், இந்த கேஸ் ஆகுமா ஆகாதா, மூன்றுக்கும் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


கோவை_ஃபவுண்டரி:

தம்பி, வயரை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த மிக்ஸ் சிலிண்டரைக் கழற்று. அலுமினியத்துக்கு முழு ஆர்கான்தான், ஒரு சொட்டு சி.ஓ.2 கூடக் கலந்திருக்கக் கூடாது. சி.ஓ.2 ஆர்க் சூட்டில் உடைந்து ஆக்சிஜனை விடும், அலுமினியம் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும், உனக்குக் கரியும் ஓட்டையும்தான் மிஞ்சும். நீ பார்க்கிற கறுப்பில் பெரும்பங்கு அதுதான். 99.99 தரத்துக்குக் குறையாத ஆர்கான் வாங்கி, நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வை. வாசலில் காற்றடிக்கும் இடத்தில் வைத்து அடித்துவிட்டு கேஸைக் குறை சொல்லாதே.

இப்போது வயர். கடைக்காரர்கள் இரண்டு பேரும் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், இரண்டு பேருமே கேட்கவில்லை: உன் மெட்டீரியல் என்ன? "அலுமினியம்" என்று ஒரு மெட்டீரியல் கிடையாது, பல கலவைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எக்ஸ்ட்ரூஷன் வாங்கிய பில்லை எடுத்துப் பார். எச்.இ.9 என்று போட்டிருந்தால் அது 6063. எச்.இ.20 என்றால் 6061. எச்.இ.30 என்றால் 6082 அல்லது 6351 வகை. ஜன்னல் செக்‌ஷன் விற்கிற கடையில் வாங்கியிருந்தால் அநேகமாக 6063தான். ஷீட்டுக்குத் தனியாகக் கேள், 5052 ஆகவும் இருக்கலாம், 3003 ஆகவும் இருக்கலாம். செக்கர்டு பிளேட் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், கட்டாயம் கேட்டுத்தான் ஆக வேண்டும், 3003, 5052, 6061 மூன்றிலும் வருகிறது, கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். டெஸ்ட் சர்டிபிகேட் கொடுக்க மாட்டேன் என்றால் ஒரு துண்டு வெட்டி ஸ்பெக்ட்ரோவுக்கு (கலவையில் எது எவ்வளவு என்று காட்டுகிற சோதனை) அனுப்பு. கோயம்புத்தூரில் அதற்கு லேப் தேடி அலைய வேண்டியதில்லை. கையில் வைத்துச் சுடுகிற துப்பாக்கி மெஷினை மட்டும் நம்பிவிடாதே, மெக்னீசியம் லேசான தனிமம், எல்லா மெஷினும் அதைச் சரியாகக் காட்டாது, உனக்குத் தெரிய வேண்டியதோ அந்த மெக்னீசியம் அளவுதான்.

ஏன் இவ்வளவு விசாரணை என்றால், 6000 வரிசையில் மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அந்த அளவு சூட்டில் விரிசல் விடுவதற்கு மிகவும் தோதான அளவு. வயரே போடாமல் 6061ஐ டிக்கில் (வயரைத் தனியாகக் கையால் கொடுக்கிற வெல்டிங்) உருக்கி மட்டும் ஒட்டிப் பார், ஆறும்போதே பீட்டின் நடுவில் மயிரிழை மாதிரி நேர்க்கோட்டில் பிளந்துகொள்ளும். வயர் போடுவது இடைவெளியை நிரப்ப மட்டுமல்ல, உருகிய குழம்பின் கலவையை அந்த ஆபத்தான அளவிலிருந்து தள்ளி வைக்கத்தான். 4043 அதைச் சிலிக்கானால் செய்கிறது, அதில் சுமார் 5 சதவீதம் சிலிக்கான். 5356 மெக்னீசியத்தால் செய்கிறது, அதில் சுமார் 5 சதவீதம் மெக்னீசியம். அதனால் 6063க்கு இரண்டுமே ஆகும். இந்த அளவில் உன் இரண்டு கடைக்காரர்களும் சரிதான்.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், 4043 தண்ணீர் போல ஓடும், பீட் பளபளவென்று பார்க்க அழகாக இருக்கும், விரிசலும் குறைவு, கரியும் குறைவு. ஆனால் வயர் மிருதுவானது, ஒட்டும் கொஞ்சம் மிருதுவானது. 5356 விறைப்பான வயர், ஃபீட் ஆவதில் சுகம், ஃபில்லட் ஒட்டில் (இரண்டு தகடு சேரும் மூலையில் போடுகிற ஒட்டு) வெட்டு வலிமை 4043ஐ விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும், இழுத்தால் உடனே ஒடியாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். லாரி பாடி என்றால் பாதிக்கு மேல் ஃபில்லட்தான், குலுங்கிக்கொண்டே ஓடுகிற வண்டி வேறு. நான் உன் இடத்தில் இருந்தால் 5356.

அப்புறம் பார்ட்டியிடம் ஆனடைசிங் (மின்சாரத் தொட்டியில் மேல்தோல் ஏற்றுவது) செய்யப் போகிறாரா என்று இப்போதே கேட்டுவிடு. 4043 போட்ட ஒட்டு ஆனடைசிங் தொட்டியிலிருந்து வெளியே வரும்போது கரும் சாம்பல் நிறத்தில் கோடு கோடாகத் தெரியும், அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது. 5356 தகட்டின் நிறத்தோடு ஓரளவு ஒத்துப்போகும்.


ஓசூர்_மெயின்டனன்ஸ்:

வயர் சுருள்வதற்கு 4043ஐ மட்டும் குறை சொல்ல முடியாது சார், உங்கள் மெஷின் இன்னும் இரும்புக்கான செட்டப்பில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். ரோலரைத் திறந்து பாருங்கள், குழி வி வடிவத்தில் இருந்தால் அது இரும்புக்கு. அலுமினியத்துக்கு யு வடிவக் குழி வேண்டும். வி குழியில் மிருதுவான வயர் நசுங்கி, ஓரத்தில் சீவல் சீவலாக உதிரும், அந்தத் தூள் லைனருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். லைனரும் மாற்ற வேண்டும், ஸ்டீல் சுருள் லைனரை எடுத்துவிட்டு டெஃப்லான் அல்லது நைலான் லைனர் போடுங்கள், வெட்டும்போது ரோலருக்கு முடிந்தவரை ஒட்டி வந்து நிற்கிற மாதிரி வெட்டுங்கள். ரோலருக்கும் லைனர் வாய்க்கும் நடுவில் இடம் இருந்தால் வயர் அங்கேதான் மடங்கும், நீங்கள் சொல்கிற இடமும் அதேதான்.

டார்ச் முனையில் வயர் வெளியே வருகிற டிப்பை வாங்கும்போது அலுமினியத்துக்கென்று 1.2ஏ என்று அடித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள், அதில் துளை கொஞ்சம் பெரிதாக இருக்கும். அலுமினியம் சூட்டில் இரும்பை விட அதிகம் விரியும், இரும்பு டிப்பில் போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு டிப்போடு உருகி ஒட்டிக்கொள்ளும்.

ரோலர் பிரஷரை எல்லோரும் இறுக்கித்தான் வைக்கிறார்கள், அதுதான் தப்பு. டார்ச்சை நேராகப் பிடித்து, கிளவுஸ் போட்ட கையாலோ மரக்கட்டையாலோ வயர் நுனியைத் தடுத்துப் பாருங்கள். ரோலர் வழுக்க வேண்டும், வயர் மடங்கக் கூடாது. அந்த அளவுக்குத் தளர்த்துங்கள். ரோல் தண்டில் இருக்கிற பிரேக்கும் அப்படித்தான், ரோல் தானாகச் சுற்றிக் குலைந்துவிடாத அளவுக்கு இருந்தால் போதும். ஓட்டும்போது டார்ச் கேபிளைத் தரையில் சுருட்டிப் போடாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் 3 மீட்டர் டார்ச்சில் 4043 மக்கர் செய்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஸ்பூல் கன் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை, அரைக் கிலோ ரோல் கன்னிலேயே உட்கார்ந்திருக்கும், வயர் ஒரு சாண் தூரம்தான் போக வேண்டும். ஆனால் உங்கள் மெஷினில் ஸ்பூல் கன்னுக்கு சாக்கெட் இருக்கிறதா பாருங்கள், சின்ன ரோல் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் விலையும் கூடத்தான்.


சேலம்_டிக்:

5356 5356 என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் பல வருடமாக 4043 தவிர வேறு எதையும் தொட்டதில்லை. கேட், கைப்பிடி, ஏணி, டேங்க், எல்லாம் அடித்தாகிவிட்டது, இதுவரை ஒன்றும் கழன்று வரவில்லை. பீட் சுத்தமாக இருக்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். 5356 அடித்தால் பக்கத்தில் எல்லாம் கறுப்புப் பவுடர், கஸ்டமர் பார்த்தால் எரிந்துபோச்சா என்று கேட்பார். ஒன்றரை மடங்கு வலிமை என்றெல்லாம் புத்தகத்தில் எழுதலாம், ஒட்டின இடம் உடையாது சார், பக்கத்துத் தகடுதான் உடையும்.


கோவை_ஃபவுண்டரி:

சேலத்துக்காரரே, கடைசி வரியில் நீங்கள் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதியைத்தான் நான் எழுதாமல் விட்டேன். 6061 டி6 (சூடாக்கிப் பதம் ஏற்றிய) தகட்டில் இழுவிசை வலிமை சுமார் 310 மெகாபாஸ்கல். அதை வெல்டிங் செய்த பிறகு ஒட்டை ஒட்டிய இடத்தில் வடிவமைப்பு விதிப் புத்தகத்தில் கணக்கெடுக்கிற அளவு 165தான். 6063க்கு இன்னும் குறைவு, 117. சூடு பட்டதில் டி6 பதம் போய்விடுகிறது, ஒட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் வரைக்கும் அந்தத் தகடு பழைய தகடு இல்லை. அதனால் பட் ஜாயின்ட்டில் முனைக்கு முனை வைத்து முழு பெனட்ரேஷன் எடுத்து அடித்தீர்கள் என்றால், 4043 போட்டாலும் 5356 போட்டாலும் உடைவது பக்கத்தில்தான். அங்கே வயரின் வலிமையைப் பற்றிச் சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஃபில்லட் அப்படி இல்லை. அங்கே சுமை ஒட்டின் தொண்டை வழியாகத்தான் போகிறது, தொண்டையில் இருப்பது உங்கள் வயர். கேட்டும் கைப்பிடியும் நின்ற இடத்தில் நிற்கும், அதற்கு 4043 தாராளம். நாள் முழுக்க ரோட்டில் ஆடிக்கொண்டு போகிற பாடியில், தூணின் அடி குறுக்குச் சட்டத்தில் உட்கார்கிற ஃபில்லட்டை 4043இல் அடித்தால் அதே வலிமைக்கு ஒட்டின் அளவைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் சூடு கூடும், சூடு கூடினால் அந்த ஒரு அங்குலம் இன்னும் அகலும். சுற்றி அங்கேயே வந்து நிற்போம்.

தம்பிக்கும் இதிலே ஒரு வேலை இருக்கிறது: தூண் அதிகமாக வளைகிற இடம் அடிதான். முடிந்தால் அங்கே குறுக்காக ஒட்டு போடாமல், ஒரு கஸட் (மூலையில் வைக்கிற முட்டுத் தகடு) வைத்து ஒட்டைக் கொஞ்சம் மேலே தள்ளிக் கொண்டு போ. வயரை மாற்றுவதை விட இது பெரிய லாபம்.

கறுப்புப் பவுடர் விஷயம் நீங்கள் சொல்வது சரி. 5356இல் மெக்னீசியம் ஆவியாகி வெளியே வந்து படிகிறது, சூடாக இருக்கும்போதே பிரஷ் போட்டால் போய்விடும். டார்ச்சை இழுத்து அடித்தால் கறுப்பு இரட்டிப்பாகும். 10, 15 டிகிரி சாய்த்துத் தள்ளி அடிக்க வேண்டும், சி.ஓ.2இல் இழுத்து அடித்துப் பழகின கைக்கு இது முதலில் வராது.


துவாஸ்_யார்டு:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், இங்கே யார்டில் அலுமினியம் ஃபாஸ்ட் போட் வேலை. மேலே பேசினதெல்லாம் 6000 வரிசைக்குச் சரி, ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் ஊரில் இது தெரியாமல் நிறைய பேர் அடிக்கிறார்கள். தகடு 5083 என்றால் 4043 பக்கமே போகாதீர்கள் அண்ணே. 5083இல் நாலு சதவீதத்துக்கு மேல் மெக்னீசியம், அதில் 4043இன் சிலிக்கான் போய்ச் சேர்ந்தால் மெக்னீசியம் சிலிசைடு என்று ஒன்று நிறைய உருவாகும், ஒட்டு மொறுமொறுவென்று ஆகிவிடும். வெளியே பார்த்தால் பீட் அருமையாக இருக்கும், வளைத்துப் பார்க்கிற டெஸ்ட்டில் பட்டென்று போகும். தகட்டில் மெக்னீசியம் இரண்டரை சதவீதம் வரை இருந்தால் 4043 தாங்கும், 5052 அந்த எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது, அதற்கு மேலே போனால் 5000 வரிசை வயர்தான்.

எங்களுக்கு 5356 கூடக் கொடுக்க மாட்டார்கள். 5083க்கு 5183தான், ஒட்டுக்கு 275 மெகாபாஸ்கல் வர வேண்டும் என்று கேட்கிறார்கள், 5356 போட்டால் சில சமயம் வரும், சில சமயம் வராது. ரோல் மேல் கிளாஸ் அப்ரூவல் (கப்பல் தரச் சான்று அமைப்பின் ஒப்புதல்) ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மெஷினில் மாட்டவே விடுவார்கள். லாரி பாடிக்கு அவ்வளவு வேண்டியதில்லை, ஆனால் ஷீட்டை யாராவது "மரைன் கிரேட், சூப்பர் மால்" என்று சொல்லி விற்றால் நம்பரைக் கேளுங்கள்.

இன்னொன்று ஓட்டை. இங்கே எக்ஸ்ரே எடுப்பார்கள், அதில் தெரிகிற ஊசி ஓட்டையில் முக்கால்வாசி ஈரத்தினால் வருவது. உருகின அலுமினியம் ஹைட்ரஜனை நிறைய குடிக்கும், கட்டியாகும்போது அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் உள்ளே வைத்துக்கொள்ள முடியும், மீதி வெளியே போக வழி இல்லாமல் குமிழாக நிற்கும். ஏசி ரூமில் இருந்த வயர் ரோலை எடுத்து வந்து வெளியே உடனே பாக்கெட்டைப் பிரித்தால் வயர் மேல் வேர்த்துவிடும். ஒரு நாள் அப்படியே மூடி வைத்து, பட்டறை சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும். ராத்திரி ரோலை மெஷினிலேயே திறந்தபடி விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இரும்புக்குப் பரவாயில்லை, இதற்கு ஆகாது.

சுத்தம் செய்வதிலும் வரிசை முக்கியம். முதலில் அசிட்டோன் துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, அது காய்ந்த பிறகுதான் பிரஷ். முதலில் பிரஷ் போட்டால் எண்ணெயைத் தகட்டுக்குள்ளேயே தேய்த்துவிடுவீர்கள். பிரஷ் ஸ்டெயின்லெஸ், அலுமினியத்துக்கு மட்டும் என்று தனியாக, அதை இரும்பில் யாரும் போட்டுவிடாதபடி கைப்பிடியில் பெயின்ட் அடித்து வையுங்கள். மேலே இருக்கிற ஆக்சைடு தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும், அடியில் இருக்கிற அலுமினியம் 660இலேயே உருகிவிடும், தோலை எடுக்காமல் அடித்தால் உள்ளே ஓடும், மேலே ஒட்டாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரேயை மட்டும் வெல்டிங் இடத்தில் வைத்துக்கொள்ளவே வேண்டாம், ஆர்க் வெளிச்சத்தில் அதன் ஆவி பாஸ்ஜீன் ஆகும், அது விஷ வாயு.


கரூர்_பட்டறை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பில்லை எடுத்துப் பார்த்தேன், செக்‌ஷன் எச்.இ.9 என்றுதான் போட்டிருக்கிறது. ஷீட் 5052 எச்32, சர்டிபிகேட் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். செக்கர்டு பிளேட் கடைக்காரர் 3003 என்று வாயால் சொல்கிறார், எழுத்தில் தர மறுக்கிறார். பார்ட்டி ஆனடைசிங் வேண்டாம், பெயின்ட்தான் என்கிறார்.

5356 என்று முடிவு செய்துவிட்டேன். 1.2 எடுக்கவா, 1.0 எடுக்கவா? செட்டிங் எங்கே ஆரம்பிப்பது? இன்னொரு சந்தேகம், அதே பார்ட்டி ஒரு பழைய எஞ்சின் ஆயில் சம்ப்பையும் (எஞ்சின் அடியில் எண்ணெய் தேங்குகிற தொட்டி) கொண்டு வந்து போட்டிருக்கிறார், காஸ்டிங், அடியில் கல் அடித்து விரிசல். அதையும் இதே வயரில் முடித்துவிடலாமா?


ஓசூர்_மெயின்டனன்ஸ்:

1.0 எடுங்கள். காரணம் உங்கள் மெஷினில் பல்ஸ் இல்லை. அலுமினியத்தை ஸ்ப்ரேயில்தான் (வயர் தகட்டைத் தொடாமல் சின்னத் துளிகளாக உருகிப் பாய்கிற முறை) அடிக்க வேண்டும், இரும்பு மாதிரி படபடவென்று ஷார்ட் ஆகிற செட்டிங்கில் அடித்தால் பீட் மேலே உட்கார்ந்திருக்கும், அடியில் ஒட்டியிருக்காது. 1.2 வயர் ஆர்கானில் ஸ்ப்ரேக்குப் போக 135 ஆம்ஸ் பக்கம் வேண்டும், அதை 2.5 மி.மீ. ஷீட்டில் கொடுத்தால் கை கொஞ்சம் தாமதித்தாலும் ஓட்டை விழுந்துவிடும். 1.0 வயர் 100ஐ ஒட்டியே ஸ்ப்ரேக்கு வந்துவிடும். 4043இல் 1.0 எடுக்கச் சொல்ல மாட்டேன், அந்த மிருதுவுக்கு 3 மீட்டர் தள்ள முடியாது, 5356 விறைப்பு என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ரோலர், லைனர், டிப் மூன்றும் 1.0க்கு வாங்க மறக்காதீர்கள்.

ஷீட்டுக்கு 100 முதல் 115 ஆம்ஸ், 19 முதல் 21 வோல்ட். 5 மி.மீ. செக்‌ஷனுக்கு 160, 170 வரை ஏற்றுங்கள், 22, 23 வோல்ட். இது ஆரம்பிப்பதற்குத்தான், அதற்கு மேல் காதுதான் செட்டிங். ஸ்ப்ரேக்கு வந்துவிட்டால் படபட சத்தம் நின்று ஒரே சீரான இரைச்சலாக மாறும். நீங்கள் ஏற்கெனவே 4043இல் வயர் ஸ்பீடு குறித்து வைத்திருந்தால் அது இதற்கு உதவாது, அதே ஆம்ஸுக்கு 5356 இன்னும் வேகமாக ஓட வேண்டும். போலாரிட்டி நீங்கள் இரும்புக்கு வைத்திருக்கிறபடியே டார்ச் பாசிட்டிவ்.

ஆரம்பிக்கும் இடத்தில் தகடு சில்லென்று இருக்கும், பீட் குவிந்து நிற்கும், அடியில் பிடித்திருக்காது. ஒரு துண்டுத் தகட்டில் ஆரம்பித்து ஜாயின்ட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வாருங்கள். போகப் போக தகடு சூடேறும், அதற்கேற்பக் கை வேகம் கூட வேண்டும். முடிக்கும்போது டிரிக்கரைச் சட்டென்று விட்டால் கடைசியில் ஒரு குழி விழும், அந்தக் குழியில் நட்சத்திரம் மாதிரி சின்ன விரிசல் விடும், பெயின்ட் அடித்துவிட்டால் தெரியாது, ஓடும்போது அங்கிருந்துதான் பிளந்துகொண்டு போகும். மெஷினில் கிரேட்டர் ஃபில் (கடைசிக் குழியை நிரப்புகிற வசதி) இருந்தால் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் ஒரு அங்குலம் வந்த வழியே திரும்பி வந்து முடியுங்கள்.

ஹெல்மெட் ஷேடு 11, 12க்கு மாற்றுங்கள், முழுக்கை சட்டை போடுங்கள். இதன் வெளிச்சம் தகட்டிலேயே எகிறி வந்து கழுத்துக்கு அடியில் சுட்டுவிடும்.


கோவை_ஃபவுண்டரி:

3003 என்று வாயால் சொன்ன பிளேட்டுக்கு எதற்கும் ஒரு சோதனை ஒட்டு போட்டுப் பார். இரண்டு துண்டை டி மாதிரி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஃபில்லட் அடித்து, ஆறின பிறகு சுத்தியலால் ஒட்டின் மேலேயே மடக்கு. உடைந்த வாயைப் பார்த்தால் அடியில் பிடித்திருக்கிறதா, எத்தனை ஓட்டை, எல்லாம் தெரிந்துவிடும். 3003க்கும் 5356 ஆகும், 6061ஆக இருந்தாலும் ஆகும், அதனால் வயர் விஷயத்தில் உனக்குப் பயம் இல்லை.

சம்ப்புக்கு 5356 வேண்டாம், இரண்டு காரணம். காஸ்டிங் என்றால் அநேகமாக எல்.எம்.25 அல்லது எல்.எம்.6, இரண்டிலும் சிலிக்கான் நிறைய, முன்னதில் 7 சதவீதம், பின்னதில் 12க்குப் பக்கம். துவாஸ் தம்பி சொன்ன அதே கதை இங்கே தலைகீழாக நடக்கும், சிலிக்கான் தகட்டில், மெக்னீசியம் வயரில். இரண்டாவது சூடு. 5356 போல மெக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கிற எதையும் 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாக இருக்கிற இடத்தில் வைக்கக் கூடாது, நாள்பட மெக்னீசியம் உலோகத்துக்குள் இருக்கிற நுண்மணிகளின் ஓரங்களில் வந்து சேர்ந்து, அந்த ஓரம் வழியாகவே அரித்துப் பிளக்கும். எஞ்சின் ஆயில் அந்தச் சூட்டைத் தினமும் தாண்டும். உன் லோடு பாடி வெயிலில் நிற்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது, சூடான திரவம் ஏற்றுகிற டேங்கர் என்றால் வரும், அதற்கு 5454 தகடும் 5554 வயரும் என்று தனி ஜோடி இருக்கிறது.

ஆகவே சம்ப்புக்கு 4043 அல்லது 4047. கடைக்காரர் கொடுத்த அந்த ரோலுக்கு வேலை வந்துவிட்டது பார். ஆனால் மிக்கில் அடிக்காதே, டிக் வைத்திருக்கிறவரிடம் கொண்டு போ. வருடக்கணக்கில் எண்ணெய் குடித்த காஸ்டிங், எவ்வளவு துடைத்தாலும் சூடு ஏற ஏற எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். டிக்கில் ஒருமுறை உருக்கி, மேலே வந்த அழுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம், மிக்கில் அந்த நிதானம் கிடைக்காது. விரிசலின் இரண்டு முனையிலும் முதலில் சின்னதாக டிரில் போட்டுவிட்டு வி குழி வெட்டச் சொல்.


சேலம்_டிக்:

சம்ப்பை இங்கே அனுப்புங்கள், அடித்துத் தருகிறேன். அந்த 4043 ரோலிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்கு பத்துப் பதினைந்து துண்டு வெட்டி நேராக்கிக் கூடவே வையுங்கள், டிக்குக்கு 1.2 வயரையே ஃபில்லராகக் கையில் பிடித்து ஓட்டலாம், தனியாக ராடு வாங்க வேண்டாம். மீதி ரோலைப் பாலிதீன் கவரில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு இறுக்கிக் கட்டி மேலே நம்பர் எழுதி வையுங்கள், கவரை மாற்றினால் ஆறு மாதம் கழித்து எது 4043, எது 5356 என்று யாராலும் சொல்ல முடியாது.


கரூர்_பட்டறை:

சரி அண்ணே, வியாழக்கிழமை எங்கள் பையன் சேலம் வருகிறான், சம்ப்பை அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஆர்கானும் யு ரோலரும் சொல்லியாகிவிட்டது. டெஃப்லான் லைனர் மட்டும் கரூரில் கிடைக்கவில்லை, ஈரோட்டில் எந்தப் பக்கம் கேட்கலாம்?


ஓசூர்_மெயின்டனன்ஸ்:

மெஷின் வாங்கின டீலரிடமே கேளுங்கள், டார்ச் வாய்க்குப் பொருந்துகிற நிப்பிளோடு வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ரோலர் பக்கம் இடைவெளி விட்டுத்தான் நிற்கும். 3 மீட்டர் டார்ச்சுக்கு 4 மீட்டராக வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள்.